பிள்ளைகளின் வெற்றியும் பெற்றோர் கவலையும்



பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிய பெற்றோருக்கு நேரம் போவது தெரியாது. வானொலியில் அந்த இடர் இல்லை. பேச்சாளர் மறந்தாலும் கடிகாரம் மறவாது. ஆகவே, எனக்குக் கிடைத்துள்ள சிறு பொழுதிற்குள், பிள்ளைகளின் படிப்பு, விளையாட்டு, உடல்நலம் ஆகிய மூன்றையும் பற்றிச் சில எண்ணங்களை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். இம்மூன்றும் வெவ்வேறு பொருள்கள் போலத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் இவற்றிற்குத் தனித்தனி ஆசிரியர்கள். வீட்டில் தனித்தனி நேரங்கள். ஆனால் பிள்ளை ஒன்றுதானே? இரவில் கண்விழித்துப் படிப்பதும், மறுநாள் மைதானத்தில் ஓடுவதும், அதற்கு மறுநாள் காய்ச்சலில் படுப்பதும் ஒரே உடம்புதான். இதை நாம் மறக்கும்போதுதான் நம் கவலைகள் பெருகுகின்றன.

நான் வாழ்வது வித்துராவில். திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெடுமங்காட்டிற்கு அப்பால், பொன்முடி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் இது. ரப்பர்த் தோட்டங்களும் மிளகுக்கொடிகளும் ஓயாத மழையும் இவ்வூரின் அடையாளங்கள். கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. மற்றொரு பாதை போணக்காட்டுத் தோட்டத்திற்குச் செல்லும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடத்திற்கு மலையேறுவோர் அங்கிருந்துதான் புறப்படுகின்றனர். அம்மலைத் தொகுதியின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி நெல்லைச் சீமையை வளப்படுத்துகிறது. மேற்குச் சரிவில் பிறக்கும் கரமனையாறு பேப்பாறை அணையில் தேங்கித் திருவனந்தபுரத்தாரின் தாகத்தைத் தணிக்கிறது. நெல்லைச் சீமையில் பிறந்து இங்கே பிழைக்கும் என்போன்றோர்க்கு, மலையைத் தாண்டி வந்தோமேயன்றி மலையைப் பிரிந்துவிடவில்லை என்பது ஓர் ஆறுதல்.

தேயிலைக் கொழுந்து கிள்ள மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்களும், காணிக்காரர் எனப்படும் பழங்குடி மக்களும் இச்சுற்றுவட்டாரத்தில் வாழ்கின்றனர். 2008-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகமும் வித்துராவில்தான் இருக்கிறது. அதன் வழியே செல்லும்போது, ‘நம் பிள்ளையும் ஒருநாள் இதனுள்ளே படிக்குமோ’ என்று எண்ணாத பெற்றோர் அரியர். ஆசை தவறன்று. ஆசையின் எடையை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

எங்களுக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவன் பதினோராம் வகுப்பிலும், இளையவள் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கின்றனர். இருவரும் மலையாளவழிப் பள்ளியில் பயில்பவர்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், அறிவியல் நூல்களில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் ஓரளவு இந்தி என நான்கு மொழிகளுக்கிடையே அவர்கள் நாளும் நடமாடுகின்றனர். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்ட காலத்தில் சேர்க்கப்பெற்ற பிரிவு அது. எனினும், பத்துக் குடும்பங்களே உள்ள இடத்தில் தமிழ்ப் பள்ளியை எதிர்பார்க்க இயலாது. ஆகவே தமிழ் எழுத்தை வீட்டிலேயே கற்பித்தோம். இந்தக் கூடுதற் பாடத்திற்கு மதிப்பெண் அளிப்பார் எவருமில்லை. ஒரு குழந்தை இரு மொழிகளில் சிந்திக்கக் கற்றுக்கொள்வதே பெருஞ்சாதனை என்பதை, வெளிமாநிலத்தில் வாழும் பெற்றோராகிய நாமாவது முதலில் உணரவேண்டும்.

நம் நிலையில் உள்ளவர்களுக்கு ஒரு தனித்த பழக்கம் உண்டு. சொந்த ஊரை விட்டு வந்ததற்கு நாம் கொடுத்த விலை சிறியதன்று. முதுமையடைந்த பெற்றோரை விட்டு வந்தோம். கோயில் கொடையையும் உறவினர் திருமணங்களையும் தவறவிட்டோம். வாடகை வீடுகளில் வாழ்நாளைக் கழிக்கிறோம். இத்தனைக்கும் ஈடாக எதைக் காட்டுவது? பிள்ளையின் தேர்வு முடிவைக் காட்டுகிறோம். முடிவு வெளியாகும் நாளில் ஊரிலிருந்து தொலைபேசி ஒலிக்கிறது. “பையன் எத்தனை?” என்ற வினாவிற்கு நாம் சொல்லும் விடை, பையனைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை, ‘நாங்கள் இங்கே வந்தது வீண்போகவில்லை’ என்ற பொருளும் அதில் ஒளிந்திருக்கிறது. கணக்கெழுதும் தொழிலில் இருப்பவன் நான். ஒருவர் பெயரில் எழுதவேண்டிய கடனை மற்றொருவர் பெயரில் எழுதுவது எங்கள் தொழிலில் பெருங்குற்றம். நம் வாழ்க்கைக் கடனைப் பிள்ளையின் பெயரில் எழுதுவதும் அத்தகையதே.

கேரளத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசைமுறை கைவிடப்பட்டுத் தரக்குறியீட்டு முறை வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. ஒரேயொரு மதிப்பெண்ணால் ஒரு குழந்தை மேலென்றும் மற்றொன்று கீழென்றும் முத்திரையிடுவதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஆயினும் மக்கள் மனம் எளிதில் மாறுமா? ‘எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ்’ என்பதே இப்போது புதிய முதலிடமாகிவிட்டது. தேர்வு முடிவு வந்ததும் தெருமுனைகளில் பிள்ளைகளின் படங்களோடு வாழ்த்துப் பலகைகள் எழுகின்றன. ஒரு பாடத்தில் மட்டும் ஒரு படி குறைந்த பிள்ளை, அப்பலகையின் கீழ் நின்றுதான் பேருந்திற்குக் காத்திருக்கவேண்டும்.

இது வெறும் மனவருத்தத்தோடு முடிவதாயின் நான் இவ்வளவு சொல்லமாட்டேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். காரணங்கள் பலவாக இருக்கலாம். எல்லாவற்றையும் தேர்வின்மேல் சுமத்துவது முறையன்று. எனினும், தோற்றுவிட்டால் வீட்டுக்குத் திரும்பமுடியாது என்று ஒரு பிள்ளைகூட எண்ணக்கூடாது என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இருக்கமுடியுமா? பத்தாம் வகுப்பில் தவறியவர்க்கு அதே ஆண்டில் மறுதேர்வு எழுதும் வாய்ப்பு கேரளத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. அரசு திறந்து வைத்திருக்கும் கதவை, வீடு சாத்திவிடலாகாது.

மூத்தவன் படிப்பில் ஊக்கமுள்ளவன். அவனைப் பற்றி எங்களுக்குக் கவலை இராது என்றே உறவினர் நினைக்கின்றனர். ஆனால் மதிப்பெண் ஏற ஏற அவன் மூக்குக்கண்ணாடியின் கனமும் ஏறிவருகிறது. மாலையில் அவன் நண்பர்கள் பந்தாடும் ஓசை கேட்கும்; இவன் சன்னலைச் சாத்திவிட்டுப் படிப்பான். கண்டிக்கவேண்டிய குற்றம் எதுவும் செய்யாத பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுவது கடினமான செயல். அமைதியாக அமர்ந்து படிக்கும் பிள்ளையை, “எழுந்து வெளியே போ” என்று சொல்லும் தந்தையை உலகம் வியப்போடு பார்க்கும்.

கிட்டப்பார்வை என்பது படிப்பாளிக்குரிய அணிகலன் என்று எண்ணி நாம் வாளாவிருத்தல் கூடாது. குழந்தைகளின் கண்கள் பகல் வெளிச்சத்தில் போதிய நேரம் இல்லாமையும், நெருங்கிய பொருளையே நெடுநேரம் பார்ப்பதும் அக்குறையை வளர்க்கின்றன என்பது இன்று தெளிவு. தைவான் நாட்டில் 2010-ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் 120 நிமிடங்கள் வெளியில் இருக்கச் செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். ஆண்டுதோறும் ஏறிவந்த பார்வைக் குறை அதன்பின் இறங்கத் தொடங்கியது. மருந்தில்லை, செலவில்லை, வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டதே சிகிச்சை. உறக்கமும் அத்தகையதே. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த அளவு. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைத்துக்கொள்வது உறக்கத்தில்தான். உறக்கத்தைக் குறைத்துப் படிப்பவன், ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பவனை ஒப்பான். இப்போது எங்கள் வீட்டில் பத்து மணிக்கு விளக்கணையும். மாலை ஐந்து மணிக்கு அவன் தங்கையோடு மைதானத்திற்குச் செல்லவேண்டும். அவன் ஓடுவதில்லை, நேரம் பார்ப்பான். அதற்கும் வெளியில்தானே நிற்கவேண்டும்!

தங்கையின் கதை வேறு. அவள் நடக்கக் கற்றதற்கும் ஓடக் கற்றதற்கும் இடையே நாள்கள் அதிகமில்லை. நானூறு மீட்டர் ஓட்டம் அவளுக்கு உயிர். ஆனால் அவ்வுயிரைத் தாங்கும் மூச்சில்தான் இடையூறு. ஏழாம் வயதிலிருந்தே அவளுக்கு ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய் உண்டு. இவ்வூரின் நீண்ட மழைக்காலத்தில் சுவர்களில் பூசணம் படரும். ரப்பர்ப் பாலைத் தகடாக்கி உலர்த்தும் புகைக்கூடங்களிலிருந்து புகை எழும். இரவு இரண்டு மணிக்கு, அவள் நெஞ்சிலிருந்து எழும் அந்தச் சீழ்க்கை ஒலியைக் கேட்டுக்கொண்டு விடியலுக்காகக் காத்திருந்த இரவுகளை எண்ணிச் சொல்ல இயலாது. அப்போதெல்லாம் மதிப்பெண்ணும் பதக்கமும் நினைவுக்கு வருவதில்லை. அடுத்த மூச்சு ஒன்றே உலகமாகிவிடுகிறது.

பள்ளியின் ஓட்டப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்துவிட்டாள் என்ற செய்தி ஊரை எட்டியது. என் மாமியார் தொலைபேசியில், “ஓட்டமும் வேண்டாம், பரிசும் வேண்டாம், மாப்பிள்ளை. பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால் போதும்” என்றார். முதியோர் அன்பிலிருந்து எழும் சொல்லை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. என் மனைவியோ, “அவள் ஓடாவிட்டால் மூச்சு நிற்காது, ஆனால் பேச்சு நின்றுவிடும்” என்றாள். மகள் இருவரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்து, “அப்பா, டாக்டர் ஓடச் சொன்னால் விடுவீர்களா?” என்று கேட்டாள். நேர்மையான கேள்வி. மறுநாளே மருத்துவரிடம் சென்றோம்.

அவர் விளக்கியதை என் சொற்களில் கூறுகிறேன். இரைப்பு நோயில் மூச்சுக் குழாய்களின் உட்சுவர் வீங்கியிருக்கிறது, அவற்றைச் சுற்றியுள்ள தசை எளிதில் இறுகிக்கொள்கிறது, சளியும் சேர்கிறது. விரைந்து ஓடும்போது வாய்வழியே மிகுந்த காற்று உட்செல்கிறது. அக்காற்று குழாய்களை உலர்த்திக் குளிரச் செய்வதால் தசை இறுகுகிறது. ஆகவே ஓடுவதே குற்றமன்று. நோயைக் கட்டுக்குள் வைக்காமல் ஓடுவதே ஆபத்து. இதற்கு இருவகை மருந்துகள் உள்ளன. ஒன்று, வீக்கத்தைத் தணிப்பதற்காக நாள்தோறும் உள்ளிழுப்பது; நலமாக இருக்கும் நாளிலும் நிறுத்தலாகாது. மற்றொன்று, இறுகிய தசையை உடனே தளர்த்துவது. மருத்துவர் சொல்லியிருந்தால் ஓட்டத்திற்குக் கால்மணி நேரத்திற்கு முன்பே அதை எடுத்துக்கொள்ளலாம். திடீரென்று ஓடாமல், மெல்லத் தொடங்கி உடலைச் சூடேற்றிக்கொள்ளவேண்டும். சளிக்காய்ச்சல் உள்ள நாளிலும், புகை சூழ்ந்த நாளிலும் ஓய்வு.

“இன்ஹேலர் பழகிவிட்டால் விடமுடியாது” என்ற அச்சம் நம் மக்களிடையே பரவலாக உள்ளது. மாத்திரையை விழுங்கினால் அது உடல் முழுதும் சுற்றியபிறகே நுரையீரலை அடையும். உள்ளிழுக்கும் மருந்து மிகச் சிறிய அளவில் நேரே அங்கே சென்று சேருகிறது. நாள்தோறும் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்தினால் குழந்தையின் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையக்கூடும் என்பதையும் அம்மருத்துவர் மறைக்கவில்லை. மருந்தை இழுத்தபின் வாயைக் கொப்பளிக்கவேண்டும் என்றும் சொன்னார். ஆனால், கட்டுப்படாத இரைப்பு எடுத்துக்கொள்ளும் விலை அதனினும் பெரிது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-இல் 26 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இருந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் இதனால் மாண்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர், நோய் கண்டறியப்படாமலும் உரிய மருந்து கிடைக்காமலும் போகும் வறிய நாட்டு மக்கள். மருந்து இல்லாத நோயால் இறப்பது விதி எனலாம். கைக்கெட்டும் மருந்தை அஞ்சி ஒதுக்கி இறப்பதை என்னவென்பது?

ஆகவே அவள் ஓடினாள். உடற்பயிற்சி ஆசிரியரிடம் அவள் நோயைப் பற்றியும், எந்த நிலையில் நிறுத்தவேண்டும் என்பதைப் பற்றியும் எழுதிக் கொடுத்திருந்தோம். மருந்துக் குப்பி அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. எட்டுப் பேரில் நான்காவதாக வந்தாள். மேடையில் மூவர்க்குத்தான் இடம். கண்கலங்கியபடி வந்தவளிடம் அவள் அண்ணன், “சென்ற மாதத்தைவிட இரண்டு விநாடி குறைவு” என்றான். அந்த ஒரு வாக்கியம், நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த ஆறுதலுரை முழுவதையும் தேவையற்றதாக்கிவிட்டது. பாட்டிக்குச் செய்தி போனபோது, “மூச்சு எப்படி?” என்றுதான் முதலில் கேட்டார். “நன்றாக இருக்கிறது, பாட்டி” என்று மகளே விடையிறுத்தாள். அதன்பிறகே, “எத்தனையாவது?” என்ற கேள்வி வந்தது. கேட்கவேண்டிய வரிசை அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

நான்காமிடத்தின் பெருமை கேரளத்தாருக்கு நன்கு தெரியும். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில், நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில், விநாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலப் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தார் பி. டி. உஷா. அந்த நான்காமிடத்தைப் பார்த்து எத்தனை சிற்றூர்ப் பெண்கள் காலணி கட்டிக்கொண்டனர்! பதக்கப் பட்டியலில் இடம்பெறாத ஓட்டம் ஒரு தலைமுறையையே ஓடவைத்தது.

நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் நெஞ்சில் நிறுத்தத்தக்க பெயர்கள் பல. அமெரிக்க வீராங்கனை ஜாக்கி ஜாய்னர்-கெர்சி இரைப்பு நோயுடனேயே மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றார். பிரிட்டனின் பௌலா ராட்கிளிஃப் அதே நோயுடன் 2003-இல் மராத்தான் ஓட்டத்தை 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் முடித்து உலகச் சாதனை படைத்தார். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற வில்மா ருடால்ஃப், இளமையில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு, காலில் இரும்புப் பட்டை அணிந்து வளர்ந்தவர். அவருடைய தாய் அவரைத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குத் தவறாது அழைத்துச் சென்றார். உடன்பிறந்தோர் முறைவைத்து அவர் காலைப் பிடித்துவிட்டனர்.

நம்மவரையும் பார்ப்போம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்தாம் வயதில் பேருந்து மோதி வலக்கால் நசுங்கப்பெற்றவர். காய்கறி விற்ற அவர் தாய் கடன் வாங்கி மருத்துவம் செய்தார். 2016-இல் ரியோவில் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். அடுத்த இரு போட்டிகளிலும் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். சென்னையின் பிரக்ஞானந்தாவும் அவர் தமக்கை வைஷாலியும் சதுரங்கத்தில் ‘கிராண்ட்மாஸ்டர்’ பட்டம் பெற்ற உலகின் முதல் அக்கா-தம்பி இணையர். பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பதைக் குறைக்கவே பெற்றோர் அவ்விளையாட்டில் சேர்த்தனர் என்பர். அயல்நாடுகளில் நடந்த போட்டிகளுக்கு உடன்சென்ற தாயார் நாகலட்சுமி, வீட்டுச் சோறும் ரசமும் கிடைக்கும்படி சமையற் கருவியையும் எடுத்துச் சென்றார். காய் நகர்த்துவது பிள்ளையின் வேலை. வயிறும் உறக்கமும் கெடாமற் பார்ப்பது தாயின் வேலை. அவரவர் வேலையை அவரவர் செய்ததில் உள்ள அழகைக் காணுங்கள்.

ஆயினும் ஒரு தெளிவு வேண்டும். மேற்சொன்ன பெயர்களைக் கேட்டுவிட்டு, ‘என் பிள்ளையும் ஏன் பதக்கம் வெல்லக்கூடாது?’ என்று கிளம்பினால், மதிப்பெண்ணை இறக்கிவைத்த இடத்தில் பதக்கத்தை ஏற்றியதாக முடியும். பாரம் மாறுமேயன்றிக் குறையாது. ஓடும் ஆயிரம் பிள்ளைகளில் ஒருவரே மேடையேறுவர். எஞ்சிய 999 பேருக்கு விளையாட்டு வீணா? இல்லை. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரி 60 நிமிடங்களேனும் உடல் வியர்க்க இயங்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகின் வளரிளம் பருவத்தினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. தோற்கக் கற்றல், காத்திருக்கக் கற்றல், வென்றவன் கையைக் குலுக்கக் கற்றல் ஆகியன வகுப்பறையில் எளிதில் கிட்டாத பாடங்கள். 2024 நவம்பரில் கொச்சியில் நடந்த கேரளப் பள்ளி விளையாட்டு விழாவில், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளும் முதன்முறையாக ஏனையோருடன் கலந்து பங்கேற்றனர். மைதானம் யாருக்கெல்லாம் உரியது என்பதற்கு இது நல்ல விடை.

பெண்குழந்தைகளைப் பெற்றோர்க்கு மற்றொரு செய்தி. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உண்டு. ‘படிப்பில் கவனமில்லை, எப்போதும் சோம்பல்’ என்று நாம் கடியும் பெண்ணின் உடலில் இரும்புச் சத்து குறைந்திருக்கலாம். பள்ளிகளில் வாரந்தோறும் அளிக்கப்படும் நீலநிற மாத்திரை அதற்கானதே. அதை உணவுக்குப் பின் உட்கொள்ளவேண்டும். தேநீரோடு உட்கொண்டால் இரும்பு உடலில் சேராது. தேயிலை மலையில் வாழும் எங்களுக்கு இது சற்றுக் கடினமான அறிவுரைதான்! கீரையும் பயறும் முருங்கையும் நெல்லிக்காயும் நம் சமையலறைக்குப் புதியனவல்ல.

கேரளத்தில் வாழ்வோர்க்கு நீரைப் பற்றிய எச்சரிக்கையும் தேவை. கல்லாறு பார்க்க அழகியது. பாறைகளுக்கிடையே ஆழமும் சுழலும் மறைந்திருக்கும். மலையில் மழை பெய்தால், இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். நீந்தக் கற்பித்தபின்னரே பிள்ளைகளை ஆற்றுக்கு விடுக. தேங்கிய நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை எட்டிக் கொடிய காய்ச்சலை உண்டாக்குகிறது. அந்நோய் கண்டவர் பிழைப்பது மிக அரிது. 2024-இல் கேரளத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் உரிய காலத்துச் சிகிச்சையால் பிழைத்தான். குட்டையில் குதித்தாடிய பிள்ளைக்குக் காய்ச்சலும் தலைவலியும் கண்டால், குளித்த செய்தியை மருத்துவரிடம் மறவாமற் சொல்லவேண்டும். காலில் புண்ணுடன் வெள்ளநீரில் நடப்பது எலிக்காய்ச்சலுக்கு வழிவகுக்கும்.

இறுதியாக, வெளிமாநிலத்தில் வாழ்வோர் செய்யத்தக்க சில எளிய ஏற்பாடுகளைச் சொல்கிறேன். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும், ஒவ்வாத பொருள்களின் பட்டியலையும் ஒரே உறையில் வைத்திருங்கள். வீடு மாறும்போது முதலில் எடுக்கவேண்டியது அதுவே. நோய்க்குறிகளை அவ்வட்டார மொழியில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் மருத்துவமனை வாயிலில் அகராதி உதவாது. பாட்டியும் சித்தப்பாவும் அருகில் இல்லாத குறையை அண்டை வீட்டாரால்தான் நிரப்பமுடியும். அவர்கள் வீட்டு ஓணத்திற்கு நாமும், நம் வீட்டுப் பொங்கலுக்கு அவர்களும் வந்துபோவது இதற்கும் சேர்த்துத்தான். பிள்ளையின் முகம் பல நாள் வாடியிருந்தால், உணவிலும் நட்பிலும் நாட்டம் குன்றினால், அதையும் காய்ச்சலைப் போலவே நோயாகக் கருதுங்கள். 14416 என்ற தேசிய மனநலத் தொலைபேசி எண் எம்மாநிலத்திலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

பள்ளியிலிருந்து பிள்ளை திரும்பியதும் நாம் கேட்கும் முதற்கேள்வியைச் சற்று எண்ணிப் பார்ப்போம். “இன்று எத்தனை மதிப்பெண்?” என்பது எளிய கேள்வி, விடையும் ஓர் எண்ணில் முடிந்துவிடும். “இன்று யாரோடு விளையாடினாய்? என்ன சாப்பிட்டாய்? எது புரியவில்லை?” என்று கேட்டால் விடை நீளும், நமக்குப் பொறுமை வேண்டும். ஆனால் அந்த நீண்ட விடையில்தான் பிள்ளையின் படிப்பும் விளையாட்டும் உடல்நலமும் ஒருங்கே தெரியும். பெற்றோர் பொருட்டுப் பிள்ளைகள் வெல்லவேண்டியதில்லை. அவர்கள் நலமாக வளர்ந்து, தமக்கென ஒரு பாதையைத் தேர்ந்து நடந்தால், நாம் ஊர் விட்டு வந்ததற்கு அதைவிடச் சிறந்த கைம்மாறு வேறில்லை. உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் அனைவரும் நல்ல மூச்சும், நல்ல உறக்கமும், நல்ல கல்வியும் பெற்று வாழ்க!